தூண்டில் காசு மீனுக்குப் போய்ச் சேரும் வழி: அமெரிக்காவில் புதிதாக மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவில் ஏரியிலோ கடற்கரையிலோ பொழுதுபோக்காகத் தூண்டில் போடுபவர் மீன்வளத்துக்கு மூன்று வழிகளில் காசு கொடுக்கிறார். மாநில அரசிடம் வாங்கும் லைசென்ஸ் ஒன்று. தூண்டில் சாமான்களின் விலைக்குள் சேர்ந்தே வரும் ஃபெடரல் வரி இரண்டாவது. மோட்டார் படகு வைத்திருந்தால் அதில் ஊற்றும் பெட்ரோலின் வரி மூன்றாவது. முதலாவது மட்டும்தான் ரசீதில் தெரியும். மற்ற இரண்டையும் கட்டுகிறோம் என்பதே பலருக்குத் தெரியாது.

இதில் எந்தக் காசு எங்கே போய் என்ன செய்கிறது என்பது நீங்கள் எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். நியூ ஜெர்சியில் இருப்பவருக்கும் மினசோட்டாவில் இருப்பவருக்கும் ஒரே ஆலோசனை பொருந்தாது. "லைசென்ஸ் வாங்குங்கள், மீன் வாழும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

காசு ஓடும் பாதை

துப்பாக்கி, தோட்டா மீதான வரியை வனவிலங்குகளுக்கென்று ஒதுக்கும் சட்டம் 1937-லேயே வந்துவிட்டது. அதே மாதிரியில் மீனுக்கும் ஒரு சட்டம் வந்தது. 1950 ஆகஸ்ட் 9 அன்று அதிபர் ட்ரூமன் அதில் கையெழுத்திட்டார். கொண்டுவந்தவர்கள் மிச்சிகன் காங்கிரஸ் உறுப்பினர் ஜான் டிங்கெல், கொலராடோ செனட்டர் எட்வின் ஜான்சன். அதனால் இன்றும் அது டிங்கெல்-ஜான்சன் சட்டம்தான். 1984-ல் வாலப்-ப்ரோ திருத்தம் வந்து, படகுப் பெட்ரோல் வரியையும் தூண்டில் சாமான், உல்லாசப் படகுகளின் இறக்குமதித் தீர்வையையும் அதே உண்டியலில் சேர்த்தது.

வரியை வசூலிப்பது ஃபெடரல் வரித்துறையான ஐஆர்எஸ். இறக்குமதித் தீர்வையைச் சுங்கத்துறை வாங்குகிறது. பணம் ஒரு தனி அறக்கட்டளை நிதிக்குப் போகிறது. அதிலிருந்து ஐந்தில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவான தொகை மாநிலங்களின் மீன்வளத்துறைகளுக்கு வருகிறது. அண்மைய ஆண்டுகளில் இது 35 கோடி டாலருக்கு மேல். பிரித்துக் கொடுப்பது ஃபெடரல் மீன், வனவிலங்குத் துறை. மிச்சம் கரையோர ஈரநிலங்களுக்கும் கடலோரக் காவல்படை நிர்வகிக்கும் படகுப் பாதுகாப்புத் திட்டத்துக்கும் படகுத்துறை வசதிகளுக்கும் போகிறது. வீட்டுப் புல்வெட்டியில் ஊற்றும் பெட்ரோலின் வரியும் இந்த நிதிக்குத்தான் வருகிறது. ஈரநிலப் பங்கில் 70 சதவீதம் லூசியானாவுக்கு. டல்லாஸ் புறநகரில் சனிக்கிழமை காலை புல் வெட்டுகிறவர் தன்னை அறியாமலே லூசியானாக் கரைக்கு மண் போட்டுக்கொண்டிருக்கிறார்.

மாநிலம் இந்தப் பணத்தை முன்கூட்டி வாங்கிக்கொள்ள முடியாது. ஒப்புதல் பெற்ற திட்டத்துக்கு முதலில் தன் கைக்காசைப் போட்டுச் செலவு செய்ய வேண்டும். பிறகு கணக்குக் காட்டி 75 சதவீதம் வரை திரும்ப வாங்கலாம். மீதி 25 சதவீதம் மாநிலத்தின் பொறுப்பு. பெரும்பாலும் அது லைசென்ஸ் வருமானத்திலிருந்து வருகிறது. 25 டாலர் மாநிலம் போட்டால் 75 டாலர் வாஷிங்டனிலிருந்து வரும். 25 இல்லாவிட்டால் 75-ம் இல்லை.

லைசென்ஸ் பணத்தை மீன், வனவிலங்குத் துறையின் வேலைக்குத் தவிர வேறு எதற்கும் எடுக்கக் கூடாது என்று ஒவ்வொரு மாநிலமும் சட்டம் போட்டிருக்க வேண்டும். அதில் கைவைத்துச் சாலை போட்டாலோ பட்ஜெட் துண்டை அடைத்தாலோ ஃபெடரல் பணம் பெறும் தகுதி போய்விடும். திருப்பி வைத்தால்தான் மீண்டும் கிடைக்கும். பற்றாக்குறைக் காலத்தில் எந்த ஆளுநருக்கும் இந்தப் பணத்தின் மேல் கண் போகும். அவர்களைத் தடுப்பது இந்த ஒரு விதிதான்.

படி 1: லைசென்ஸ் வாங்குவது

எந்த மாநிலத் தண்ணீரில் தூண்டில் போடுகிறீர்களோ அந்த மாநிலத்தின் லைசென்ஸ் வேண்டும். வீடு எங்கே என்பது கட்டணத்தை மட்டுமே மாற்றும்.

வாங்கும் இடம் மாநிலத் துறையின் இணையதளம், அல்லது தூண்டில் கடை, வால்மார்ட் போன்ற முகவர் கடை. தேடுபொறியில் மேலே விளம்பரமாக வரும் தளங்களைத் தவிர்த்துவிடுங்கள். அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டி, கார்டு எண்ணை வாங்கிக்கொண்டு, "லைசென்ஸ் எடுப்பது எப்படி" என்று ஒரு பிடிஎஃப் அனுப்பிவைக்கும் தளங்கள் உண்டு. அந்தக் காசு மீனுக்கும் போகாது, உங்களுக்கு லைசென்ஸும் கிடைக்காது. துறையின் பெயரை மாநிலத்தின் பொதுத் தளத்திலிருந்து எடுத்து அங்கிருந்து போங்கள். டெக்சஸில் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப், மினசோட்டாவிலும் மிச்சிகனிலும் டிஎன்ஆர் (இயற்கை வளத்துறை), நியூயார்க்கில் டிஇசி (சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறை). பென்சில்வேனியாவில் மீனுக்கும் படகுக்கும் தனி ஆணையமே இருக்கிறது. வேட்டைத் துறையின் பக்கத்தில் போய்த் தேடினால் கிடைக்காது.

படிவத்தில் புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் மூன்று.

சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்பார்கள். மீன்பிடி லைசென்ஸுக்கு இது எதற்கு என்று சந்தேகப்பட வேண்டாம். குழந்தைப் பராமரிப்புத் தொகை கட்டாமல் தப்பிப்பவர்களைப் பிடிப்பதற்காக, பொழுதுபோக்கு லைசென்ஸ் விண்ணப்பங்களிலும் அந்த எண்ணை வாங்கவேண்டும் என்று ஃபெடரல் சட்டம் சொல்கிறது. எண் இல்லாதவர்கள், உதாரணமாக எச்4 விசாவில் இருக்கும் மனைவியோ ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவோ, எண் இல்லை என்று குறிப்பிட்டு பாஸ்போர்ட் போன்ற வேறு அடையாளத்தைக் கொடுக்கலாம். ஆன்லைன் படிவம் முரண்டு பிடித்தால் முகவர் கடைக்கு நேரில் போய்விடுங்கள். வேறொருவரின் எண்ணைப் போட்டு முடிக்கப் பார்க்காதீர்கள்.

அடுத்தது "ரெசிடென்ட்" என்ற கட்டம். குடியுரிமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அந்த மாநிலத்தில் எவ்வளவு காலமாக வசிக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. டெக்சஸ், கலிஃபோர்னியா, நியூ ஜெர்சியில் ஆறு மாதம். மினசோட்டாவில் 60 நாள். நியூயார்க்கில் 30 நாள். வேலை மாறி டெக்சஸுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, ஆனால் டிரைவிங் லைசென்ஸ் கையில் இருக்கிறதே என்று ரெசிடென்ட் கட்டணத்தில் வாங்குவது பொய்யான அறிவிப்பு ஆகிவிடும். நியூயார்க்கில் நன்னீர் ஆண்டு லைசென்ஸ் ரெசிடென்ட்டுக்கு 25 டாலர், மற்றவர்களுக்கு 50. அந்த 25 டாலரை மிச்சப்படுத்தப் போய் அபராதம் கட்டுவதில் அர்த்தமில்லை.

மூன்றாவது, செல்லுபடியாகும் தேதி. நியூயார்க், கலிஃபோர்னியா ஆண்டு லைசென்ஸுகள் வாங்கிய நாளிலிருந்து 365 நாள். நியூ ஜெர்சியில் டிசம்பர் 31 அன்று முடிந்துவிடும். மிச்சிகனில் மார்ச் 31. மினசோட்டாவில் பிப்ரவரிக் கடைசி. டெக்சஸில் வழக்கமான பேக்கேஜ்கள் ஆகஸ்ட் 31-ல் முடியும். ஜூலையில் வாங்கினால் ஒன்றரை மாதம்தான். அங்கே வாங்கிய நாளிலிருந்து ஒரு வருடம் ஓடும் லைசென்ஸும் தனியாக இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

வயது வரம்பு பெரும்பாலான மாநிலங்களில் 16. டெக்சஸிலும் மிச்சிகனிலும் 17. அதற்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு லைசென்ஸ் வேண்டாம். ஆனால் பிள்ளையின் கோலை அப்பா பிடித்து மீனை இழுத்துக் கொடுத்தால் அந்த நேரத்தில் தூண்டில் போடுபவர் அப்பா; அவரிடம் லைசென்ஸ் இருக்க வேண்டும். ஊரிலிருந்து வந்த தாத்தா "கொஞ்ச நேரம் குடு" என்று கோலை வாங்கினாலும் இதே கதை. பெற்றோருக்கு ஒரு நாள் லைசென்ஸ் எடுத்துவிடுவது நிம்மதி. மூத்த குடிமக்கள் சலுகை பொதுவாக அந்த மாநிலவாசிகளுக்கு மட்டும் என்பதால் அதை நம்பிப் போகாதீர்கள்.

சில மீனுக்குத் தனி முத்திரை வேண்டும். நியூ ஜெர்சி, மினசோட்டாவில் ட்ரவுட் முத்திரை, பென்சில்வேனியாவில் ட்ரவுட் பெர்மிட், டெக்சஸில் உப்புத்தண்ணீருக்குத் தனி அனுமதி. நண்டு பிடிக்கப் போகிறவர்கள் கவனிக்கவும்: டெக்சஸ் கடற்கரையில் நண்டுக்கும் அந்த உப்புத்தண்ணீர் அனுமதி தேவை. பென்சில்வேனியா ஆணையம் பாஸ், மஸ்கி, காட்டு ட்ரவுட், நீர்வாழிடம் என்று விருப்பப் பெர்மிட்டுகளும் விற்கிறது. அவை எந்தக் கூடுதல் உரிமையும் தராது. பணம் அந்தந்த வேலைக்கு மட்டும் போகும், அவ்வளவுதான்.

லைசென்ஸே வேண்டாத இடங்களும் உண்டு. கலிஃபோர்னியாவில் கடலிலும் விரிகுடாவிலும் உள்ள பொதுப் பியர்களில் (தண்ணீருக்குள் நீளும் மேடைகளில்) லைசென்ஸ் இல்லாமல் தூண்டில் போடலாம். டெக்சஸ் ஸ்டேட் பார்க்குகளின் கரையிலும் அப்படியே. ஜூன் முதல் வாரத்தை ஒட்டி பல மாநிலங்கள் இலவச மீன்பிடி நாள் அறிவிக்கும். கற்றுக்கொள்ள இவை அருமையான இடங்கள். அளவு வரம்பும் எண்ணிக்கை வரம்பும் மட்டும் அங்கேயும் மாறாது.

படி 2: உங்கள் லைசென்ஸ் உங்கள் மாநிலத்தில் என்ன செய்கிறது என்று பார்ப்பது

ஃபெடரல் பணத்தை மாநிலங்களுக்குப் பிரிக்கும் சூத்திரம் எளிது. 60 சதவீதம் காசு கொடுத்து லைசென்ஸ் வாங்கியவர்களின் எண்ணிக்கைப்படி. 40 சதவீதம் நிலமும் நீருமாக மாநிலத்தின் பரப்பளவுப்படி. அதோடு ஒரு கூரையும் ஒரு தரையும்: எந்த மாநிலத்துக்கும் மொத்தத்தில் 5 சதவீதத்துக்கு மேல் கிடையாது, 1 சதவீதத்துக்குக் கீழும் கிடையாது.

அலாஸ்கா, கலிஃபோர்னியா, டெக்சஸ் மூன்றும் கூரையைத் தொட்டு நிற்கின்றன. அங்கே இன்னும் ஆயிரம் பேர் லைசென்ஸ் வாங்கினாலும் ஃபெடரல் பங்கு கூடாது. நியூ ஜெர்சி, டெலவேர், கனெக்டிகட், ரோட் ஐலண்ட் போன்றவை தரையில் நிற்கின்றன. அங்கே கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அதே 1 சதவீதம்தான். தமிழர்கள் கூட்டமாக வசிக்கும் கலிஃபோர்னியாவின் பே ஏரியா, டெக்சஸின் டல்லாஸ், ஹூஸ்டன், நியூ ஜெர்சியின் எடிசன் எல்லாம் இந்த இரண்டு வகைக்குள் வந்துவிடுகின்றன என்பது வேடிக்கை. இங்கெல்லாம் உங்கள் லைசென்ஸின் மதிப்பு அதன் கட்டணத்தில் இருக்கிறது: அந்த 25 சதவீதப் பங்கைப் போட மாநிலத்துக்குக் கையில் காசு வேண்டும், அதைத் தருவது நீங்கள்.

மினசோட்டா, மிச்சிகன், விஸ்கான்சின், வட கரோலைனா, ஜார்ஜியா போல இடையில் இருக்கும் மாநிலங்களில் தலைக்கணக்குக்கே மதிப்பு உண்டு. மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டு உங்கள் மாநிலத்தில் லைசென்ஸ் வாங்குவோர் குறைந்தால் பங்கும் குறையும். "இந்த வருஷம் போக நேரமில்லை, எதற்கு லைசென்ஸ்" என்று விட்டுவிடுகிறவர்கள் இந்த மாநிலங்களில்தான் இழப்பை உண்டாக்குகிறார்கள். தூண்டிலே தொடாமல் லைசென்ஸ் மட்டும் வாங்கினாலும் கணக்கில் சேரும். சூத்திரம் கேட்பது காசு கொடுத்தீர்களா என்பதை. மீன் பிடித்தீர்களா என்று யாரும் கேட்பதில்லை.

தலைக்கணக்கில் சில நுணுக்கங்கள். ஒருவர் ஒரு மாநிலத்தில் எத்தனை லைசென்ஸ், முத்திரை வாங்கினாலும் ஒரு தலைதான். ஆனால் இரண்டு மாநிலங்களில் வாங்கினால் இரண்டிலும் எண்ணப்படுவார். இலவச லைசென்ஸ் எண்ணிக்கையில் வராது. மாநிலத்துக்குக் குறைந்தபட்ச நிகர வருமானம் தந்தால்தான் சேரும். ஃபுளோரிடாவில் 65 வயதான மாநிலவாசிக்கு லைசென்ஸே வேண்டாம், ஆகவே அவர் கணக்கில் இல்லை. நியூயார்க்கிலும் நியூ ஜெர்சியிலும் கடலில் தூண்டில் போட இலவசப் பதிவு போதும். அதுவும் கட்டண லைசென்ஸ் ஆகாது. கணக்கெடுத்த எண்ணிக்கை ஓரிரு ஆண்டுகள் கழித்தே ஒதுக்கீட்டில் தெரியும் என்பதால், இந்த ஆண்டு வாங்கியதற்கு அடுத்த மாதமே பலன் தேட வேண்டாம்.

"ஒரு லைசென்ஸ் வாங்கினால் மாநிலத்துக்கு மூன்று மடங்கு ஃபெடரல் பணம் வரும்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது சரியல்ல. மாநிலத்தின் பங்கு சூத்திரப்படி முன்பே முடிவாகிவிடுகிறது. லைசென்ஸ் காசு அந்தப் பங்கை முழுதாக எடுத்துப் பயன்படுத்த உதவுகிறது.

படி 3: சாமான் வாங்குவது

தூண்டில் கோல், ரீல், நரம்பு, முள், தக்கை, ஈயக்குண்டு, சுழலி, செயற்கை இரை, கைவலை, மீன் கோர்க்கும் கயிறு எல்லாவற்றுக்கும் 10 சதவீத ஃபெடரல் வரி. சாமான் பெட்டிக்கும் மின்சார வெளிப்பொருத்து மோட்டாருக்கும் 3 சதவீதம். இந்த வரி கடை விலையின் மேல் இல்லை, தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் விற்கும் விலையின் மேல். அவர்களே காலாண்டுக்கு ஒருமுறை கட்டிவிடுவார்கள். அதனால்தான் உங்கள் ரசீதில் மாநில விற்பனை வரி மட்டும் தெரிகிறது.

ஒரு புதியவரின் முதல் செட்டைக் கணக்குப் பார்ப்போம். தயாரிப்பாளர் விலையில் கோல் 40 டாலர், ரீல் 35, நரம்பு முள் தக்கை குண்டு சேர்த்து 10, செயற்கை இரை 15, பெட்டி 10 என்று வைத்துக்கொள்வோம். வரி முறையே 4 டாலர், 3.50, 1, 1.50, 30 சென்ட். ஆக மொத்தம் 10 டாலர் 30 சென்ட். கோலுக்கு மட்டும் ஒரு உச்சவரம்பு உண்டு: ஒரு கோலுக்கு 10 டாலருக்கு மேல் வரி கிடையாது. தயாரிப்பாளர் விலை 200 டாலரானாலும் 10தான். விலையுயர்ந்த கோல் வாங்கினால் மீனுக்கு அதிகம் போகும் என்ற கணக்கு ஒரு எல்லைக்கு மேல் செல்லாது. ரீலுக்கு அந்த வரம்பு இல்லை.

மண்புழு, உயிருள்ள சிறுமீன், பழைய சாமான் எதற்கும் இந்த வரி இல்லை. பக்கத்துத் தெரு கராஜ் சேலில் பத்து டாலருக்கு வாங்கிய கோலுக்கு வரி முதல் விற்பனையிலேயே கட்டியாகிவிட்டது. தப்பில்லை, வாங்கலாம்.

பணம் ஒழுகும் இடம் வேறு. வெளிநாட்டிலிருந்து பார்சலாக நேரே வீட்டுக்கு வரும் மலிவு ரீலுக்கும் செயற்கை இரைக்கும் சட்டப்படி வரி உண்டு. ஆனால் நடுவில் இறக்குமதி நிறுவனம் இல்லாததால் வாங்கியவரே இறக்குமதியாளர் ஆகிவிடுகிறார். அவர் படிவம் நிரப்பி வரி கட்டப்போவதில்லை. இணையச் சந்தை நடத்தும் நிறுவனங்களையே வரி கட்டவைக்க வேண்டும் என்று தூண்டில் சாமான் துறையினர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதுவரை நீங்கள் செய்யக்கூடியது, அமெரிக்காவுக்குள் இருக்கும் கடையிலோ இங்கே கிடங்கு வைத்திருக்கும் விற்பனையாளரிடமோ வாங்குவது. இரண்டு டாலர் கூடுதலாகும். உள்ளூர்த் தூண்டில் கடைக்காரரிடம் வாங்கினால் எந்த மீன் எதைக் கடிக்கிறது என்ற தகவலும் சேர்ந்து வரும். இந்த ஒரு காரணத்துக்காகவே முதல் முறை கடைக்குப் போவது நல்லது.

படி 4: படகு இருந்தால்

பெட்ரோலுக்கு ஃபெடரல் வரி காலனுக்கு 18.4 சென்ட். அதில் 0.1 சென்ட் நிலத்தடித் தொட்டிக் கசிவு நிதிக்குப் போகும். மீதி 18.3 சென்ட், மோட்டார் படகில் எரிந்த பெட்ரோலாக இருந்தால், மீன் நிதிக்கு வரும். ஒரு சீசனில் 30 காலன் எரித்தால் ஐந்தரை டாலர். மரினாவில் (படகு நிறுத்தும் துறையில்) நிரப்பினால்தான் சேரும் என்று நினைக்க வேண்டாம். எத்தனை காலன் படகில் எரிந்தது என்பதை அரசு மதிப்பீடாகவே கணக்கிடுகிறது. சாலையோரப் பெட்ரோல் பங்கில் நிரப்பிக்கொண்டு போனாலும் வித்தியாசமில்லை.

படகின் பதிவைப் புதுப்பிக்க மறக்காதீர்கள். படகுப் பாதுகாப்புப் பணத்தை மாநிலங்களுக்குப் பிரிக்கும்போது மூன்றில் ஒரு பங்கு சமமாகவும், ஒரு பங்கு பதிவான படகுகளின் எண்ணிக்கைப்படியும், ஒரு பங்கு மாநிலம் முந்தைய ஆண்டு இதற்குச் செலவிட்ட தொகைப்படியும் போகிறது. பதிவு எண்ணைப் படகின் முன்பாதியில் இரண்டு பக்கமும் குறைந்தது 3 அங்குல உயரத்தில், பின்னணியிலிருந்து பளிச்சென்று தெரியும் நிறத்தில், நேரான தடித்த எழுத்தில் ஒட்ட வேண்டும். எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவில் இடைவெளி விட வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டிவிட்டு நிறுத்தப்படுபவர்கள் நிறைய.

துடுப்புப் படகும் கயாக்கும் பெட்ரோல் வரி கட்டுவதில்லை, பல மாநிலங்களில் பதிவும் இல்லை. ஆனால் ஓட்டுபவர்கள் படகைத் தண்ணீரில் இறக்கும் அதே சரிவுத்தளத்தை, அதாவது ரேம்ப்பைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஐடஹோ போன்ற சில மாநிலங்கள் அந்நிய உயிரினத் தடுப்புக்கென்று ஸ்டிக்கர் விற்று இவர்களிடமிருந்தும் காசு வாங்குகின்றன. முணுமுணுப்பு இருக்கிறது, நியாயமான ஏற்பாடு என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

ஒவ்வொரு மாநிலமும் தன் மீன் நிதிப் பங்கில் குறைந்தது 15 சதவீதத்தைப் படகுகள் தண்ணீரில் இறங்கும் வசதிக்குச் செலவிட வேண்டும். கான்கிரீட் ரேம்ப், பார்க்கிங், கழிப்பறை, மிதக்கும் மேடை எல்லாம் அதில் வருபவை. படகின் கழிவுத் தொட்டியை உறிஞ்சி எடுக்கும் பம்ப் நிலையங்களுக்கு 1992 சட்டத்தின்கீழ் தனிப் பணம் உண்டு. அந்த பம்ப் வேலை செய்யவில்லை என்றால் மரினாவிடம் சொல்வதோடு நிற்காமல் மாநிலத் துறைக்கும் தெரிவியுங்கள். மானியத்தில் வைத்த பம்பை ஓடும் நிலையில் வைத்திருப்பது வாங்கியவரின் கடமை.

படி 5: தண்ணீர் ஓரத்தில்

ரேம்ப் அருகே கிளிப்போர்டும் அளவுப் பலகையுமாக ஒருவர் வந்து பேச்சுக் கொடுத்தால் பயப்பட வேண்டாம். அவர் மீன்பிடிக் கணக்கெடுப்பாளர். சம்பளம் பல இடங்களில் இந்த நிதியிலிருந்தே வருகிறது. எத்தனை மணிக்கு ஆரம்பித்தீர்கள், எத்தனை கோல், எந்த மீனைத் தேடி வந்தீர்கள், எத்தனை பிடித்தீர்கள், எத்தனை விட்டீர்கள் என்று கேட்பார். மீனை அளந்து பார்க்கலாமா என்பார். விசா பற்றிக் கேட்கமாட்டார்; அபராதம் போடுவதும் அவர் வேலை அல்ல, அதற்கு மீன்பிடிச் சட்டத்தை அமல்படுத்தும் வார்டன் இருக்கிறார்.

இங்கே புதியவர்கள் செய்யும் தவறு, ஐஸ் பெட்டியில் பன்னிரண்டு மீனை வைத்துக்கொண்டு "ஒன்றும் கிடைக்கவில்லை" என்று நழுவுவது. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மீன் என்ற விகிதத்தை வைத்துத்தான் குளத்தில் எத்தனை குஞ்சு விடுவது, வரம்பைத் தளர்த்துவதா இறுக்குவதா என்று முடிவெடுக்கிறார்கள். நீங்கள் மறைத்த பன்னிரண்டும், அன்று பேட்டி காணாத மற்றவர்களுக்கும் சேர்த்துப் பெருக்கிக் கணக்காகும். உண்மையிலேயே ஒன்றும் கிடைக்காவிட்டால் அதையும் சொல்லுங்கள், பூஜ்யமும் அவருக்கு வேண்டிய தகவல்தான்.

அளப்பதற்கு மீனைப் பலகையில் கிடத்தி, வாயை மூடி, மூக்கு பலகையின் நிறுத்தத்தைத் தொடும்படி வைத்து, வால் இதழ்கள் இரண்டையும் விரலால் சேர்த்துப் பிடித்து நுனியைப் பார்க்க வேண்டும். சூரை, வஞ்சிரம் வகைக் கடல் மீன்களுக்கு வால் பிளவு வரைதான் அளவு. நாடாவை வயிற்று வளைவின்மேல் ஓடவிட்டால் நீளம் கூடுதலாகக் காட்டும்; அப்படி அளந்து "சைஸ் சரிதான்" என்று வைத்துக்கொண்ட மீன் வார்டன் பலகையில் குட்டையாகிவிடும்.

முதுகில் பிளாஸ்டிக் நூல் போல அடையாளக் குறி தொங்கும் மீன் மாட்டினால் எண், தேதி, இடம், நீளம் நான்கையும் குறித்துக்கொண்டு, குறியில் அச்சிட்ட தொலைபேசி எண்ணுக்கோ தளத்துக்கோ தெரிவியுங்கள். மீனை விடுவதாக இருந்தால் எண்ணைப் படம் எடுத்துவிட்டு குறியோடே விடுவது வழக்கம். வெகுமதிக் குறியென்றால் சில திட்டங்கள் குறியையே கேட்கும், அதில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

படகை வெளியே எடுத்ததும் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. படகின் பின்பலகையின் அடியில் விரல் தடிமனில் ஒரு திருகு அடைப்பான் இருக்கும். ரேம்ப்பைத் தாண்டி மேடான இடத்தில் வண்டியை நிறுத்தி, அதைக் கழற்றி, தண்ணீர் முழுக்க வடியும்வரை காத்திருங்கள். மீன் தொட்டி, இரை வாளி, மோட்டாரின் கீழ்ப்பகுதி எல்லாவற்றையும் வடியவிடுங்கள். ட்ரெய்லர் அச்சில் சுற்றிய பாசியைக் கையால் பிடுங்குங்கள். வேறு ஏரிக்குப் போகும்முன் குறைந்தது ஐந்து நாள் காயவிடுங்கள். அடைப்பானைக் கழற்றாமல் சாலையில் போவதே மினசோட்டாவில் குற்றம். கண்ணுக்குத் தெரியாத வரிச்சிப்பிக் (ஸீப்ரா மஸ்ஸல்) குஞ்சு அந்தத் தண்ணீரில் பயணம் செய்யும். 1988-ல் கிரேட் லேக்ஸ் பகுதியில் கண்டுபிடிக்கப்பட்ட இந்தச் சிப்பி இன்று நாடெங்கும் குழாய்களை அடைத்துக்கொண்டிருக்கிறது. 2024 அக்டோபரில் கலிஃபோர்னியா டெல்டாவில் தங்கச்சிப்பியும் (கோல்டன் மஸ்ஸல்) வந்துவிட்டது. ஒரு ஏரியில் சிப்பி புகுந்தால் குஞ்சு விடவும் ரேம்ப் கட்டவும் வைத்திருந்த பணமும் ஆளும் பரிசோதனைச் சாவடிக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

குழம்புக்குப் பச்சையாக வேண்டும் என்று மீனை வாளித் தண்ணீரில் உயிரோடு வீட்டுக்குக் கொண்டுபோவது நம் ஆட்களுக்குப் பழக்கம். பல மாநிலங்களில் அது சட்டவிரோதம். ஐஸில் போடுங்கள்.

படி 6: காசில்லாமல் கொடுப்பது

மாநிலம் போட வேண்டிய 25 சதவீதம் பணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தன்னார்வலர்களின் உழைப்பு நேரத்தையும் மணிக்கு இவ்வளவு என்று மதிப்பிட்டு அந்தப் பங்காகக் காட்டலாம். பிள்ளைகளுக்குத் தூண்டில் கற்றுத்தரும் முகாம், ஓடைநீர்ப் பரிசோதனை, மீன் வாழிடத்துக்கு மரக்கிளைக் கட்டுகளை ஏரியில் இறக்குவது போன்றவை. 1,000 டாலர் மதிப்புள்ள தன்னார்வ நேரம் கணக்கில் ஏறினால் அதைக் காட்டி 3,000 டாலர் வரை ஃபெடரல் பணம் எடுக்கலாம். கூரையும் தரையும் தலைக்கணக்கை மழுங்கடித்துவிட்ட டெக்சஸ், கலிஃபோர்னியா, நியூ ஜெர்சியில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

செய்யும் முறை: மாநிலத் துறையின் தளத்தில் நீர்வாழ் கல்வி அல்லது தன்னார்வலர் பக்கத்தைப் பார்த்து, துறை நடத்தும் அல்லது துறை அங்கீகரித்த நிகழ்ச்சியில் சேருங்கள். பயிற்றுநர் ஆக விரும்பினால் பின்னணிச் சோதனைக்கு ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். அது முடியச் சில வாரங்கள் ஆகலாம், ஜூன் முகாமுக்கு மார்ச்சிலேயே விண்ணப்பியுங்கள். தமிழ்ச் சங்கப் பிக்னிக்கில் நீங்களாக நடத்தும் தூண்டில் போட்டி, துறையோடு முன்கூட்டிப் பேசிச் சேர்க்காவிட்டால், கணக்கில் வராது.

பெரும்பாலான நேரம் வீணாவது நேரத்தாளில்தான். நாள் முழுக்க வெயிலில் நின்று வேலை செய்துவிட்டுத் தாளில் பெயர் எழுதாமல் போய்விடுகிறார்கள். ஒருங்கிணைப்பாளர் பிறகு நினைவிலிருந்து நிரப்பினால் தணிக்கையில் நிற்காது. பெயர், தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், செய்த வேலை, கையெழுத்து எல்லாம் அன்றே இருக்க வேண்டும். அதே நேரத்தை வேறு ஃபெடரல் மானியத்துக்கும் காட்டக் கூடாது. உங்கள் குழு இரண்டு திட்டங்களுக்கு உழைத்திருந்தால் எந்த மணி எதற்கு என்று பிரித்து எழுதுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போய் வந்த பயணநேரம் சேருமா என்பதை அந்த மாநில ஒருங்கிணைப்பாளரிடமே கேட்டுக்கொண்டு எழுதுவது உத்தமம்.